சாரம் சொல்லாத செய்தி

எமது குடாநாட்டில் முந்திய தலைமுறைத் தோட்டக்காரருக்கு உடற்பயிற்சி என்று ஒரு தனிவேலை இருக்கவில்லை. ஒருவர் பட்டையைப் பிடித்து இறைக்க, இன்னொருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். பின்னர் இறைப்பு இயந்திரம் வந்து அந்த வேலையைப் பறித்துக்கொண்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் இல்லாமற் போகவே, நாமெல்லோரும் சைக்கிள் மிதித்தோம். 2009 இல் போர் முடிந்தபின் அந்த இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்தது. கோப்பையில் போடும் சோறு மாத்திரம் துலா மிதித்த காலத்து அளவிலேயே நிற்கின்றது.

இதன் விளைவை எமது ஆண்கள் உணர்வதில்லை. காற்சட்டை இறுகினால் தெரியும், சாரம் இறுகாது. வண்டி எவ்வளவு வைத்தாலும் அதற்கேற்பக் கட்டிக்கொள்ளலாம். எனவே தையற்காரரின் அளவுநாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளவுங்கள். தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லை. அதைத் தாண்டினால் சலரோகமும் இருதய நோயும் வரும் அபாயம் கூடுகின்றது. எடையிலும் நமக்கு எல்லை குறைவு. 165 சென்ரிமீற்றர் உயரமானவர் ஏறத்தாழ 63 கிலோவைத் தாண்டும்போதே கவனம் வேண்டும்.

இதற்கு யோகாசனம் உதவுமா? உதவும், ஆனால் தனித்து அல்ல. மெதுவாகச் செய்யும் ஆசனங்கள் அதிக கொழுப்பை எரிப்பதில்லை. அவை முதுகையும் மூட்டுகளையும் இளக்குகின்றன, மூச்சைச் சீராக்குகின்றன, மனப்பதற்றத்தைத் தணிக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளுக்கு அரைமணி நேரம் தன் உடலைக் கவனிக்கும் பழக்கத்தைத் தருகின்றன. எடை குறைய, சோற்றைப் பாதியாக்கி மரக்கறியையும் இலைவறையையும் கூட்டவேண்டும். கிழமைக்கு 150 நிமிடமாவது விரைந்து நடக்கவோ சைக்கிள் ஓடவோ வேண்டும்.

தொடங்குவோர் காலையில் வெறுவயிற்றில் பாயை விரித்து இவற்றைச் செய்யலாம்: நிமிர்ந்து நிற்கும் தாடாசனம், பக்கவாட்டில் வளையும் திரிகோணாசனம், குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும் புஜங்காசனம், மல்லாந்து படுத்து முழங்காலை வயிற்றோடு அணைக்கும் பவனமுக்தாசனம். உடல் பழகியபின், பன்னிரண்டு நிலைகள் கொண்ட சூரிய நமஸ்காரத்தை மூன்று சுற்றில் தொடங்கிக் கூட்டலாம். முடிவில் ஐந்து நிமிடம் சவாசனம்.

சில எச்சரிக்கைகள் அவசியம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கவோ மூச்சை அடக்கவோ கூடாது. குடலிறக்கம் உள்ளவர்கள் புஜங்காசனத்தைத் தவிர்க்கவேண்டும். முள்ளந்தண்டுத் தட்டு விலகியவர்கள் முன்குனிய வேண்டாம். இன்சுலின் எடுப்பவர்கள் வெறுவயிற்றில் செய்வது பற்றி முதலில் வைத்தியரிடம் கேட்கவேண்டும். ஆசனம் பழகுகிறோம் என்று குளிசையை நிறுத்துவது பெரும் ஆபத்து.

ஐக்கிய நாடுகள் சபை 2014 இல் யூன் 21 ஐ யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் அது உலகெங்கும் கொண்டாடப்படுகின்றது. ஒருநாள் கொண்டாட்டத்தால் எவருடைய இடுப்பும் சுருங்காது. ஊர்ச் சனசமூக நிலையத்தில் காலையில் ஐந்தாறு ஆண்கள் கூடினால், வராதவரைத் தேடிச் சென்று கூப்பிட ஆள் இருக்கும். நன்கு பழகிய ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்து, அளவைச் சுவர்க் கலண்டரில் குறியுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தத்தில் சீனியையும் அழுத்தத்தையும் சோதிப்பியுங்கள். சலரோகத்தால் ஒரு காலை இழந்தபின் அந்தக் குடும்பத்தின் தோட்டத்தை யார் கொத்துவது?