சட்டசபையில் ஒரு மருத்துவர்

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நம் முன்னோர் வாய்மொழி. அச்செல்வத்தைக் காத்துத் தருபவர் மருத்துவர். ஆயினும், மருந்து ஒன்றினால் மட்டும் எல்லா நோயும் தீர்ந்துவிடுமோ? திருவள்ளுவர், ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று அறிவதோடு அமையாது, அஃது எதனால் வந்தது என்பதனையும் ஆராய்ந்தறிதல் வேண்டும் என்று வற்புறுத்துகின்றார். நோயின் காரணம் சில வேளைகளில் நோயாளியின் உடம்பினுள் இருக்கும். சில வேளைகளில் அவர் பருகும் நீரில் இருக்கும். வேறு சில வேளைகளில் ஊராரின் வழக்கத்திலும் நாட்டின் சட்டத்திலும் இருக்கும். இறுதியிற் கூறிய காரணங்களைப் போக்கும் மருந்து எந்த மருத்துவரின் பெட்டியிலும் இல்லை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஆரணிக்கு அண்மையில் சேத்துப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள தூய தோமையார் மருத்துவமனை, தொழுநோயாளர்க்கு நெடுங்காலமாகப் பணிபுரிந்து வருவது. முற்காலத்தில் தொழுநோய் தீராப்பிணி என்று கருதப்பட்டது. 1981-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இந்நாளில், நோயின் தன்மைக்கு ஏற்ப, 6 முதல் 12 திங்கள் வரை அம்மருந்தினை உட்கொள்வோர் முற்றும் குணம் அடைகின்றனர். ஆனால், அவர்கள் மீது சட்டம் இட்டிருந்த விலங்கு மருந்தினால் கழலவில்லை. வறிய தொழுநோயாளரைப் பிடித்துத் தனியிடத்தில் அடைப்பதற்கும், அவர்கள் பொதுக் கிணற்றில் நீராடாமலும் உணவுப் பொருள் செய்து விற்காமலும் தடுப்பதற்கும் 1898-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், 2016-ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. கணவனோ மனைவியோ தொழுநோயுற்றால் மணமுறிவு பெறலாம் என்றிருந்த விதி, 2019-ஆம் ஆண்டிலேதான் எடுக்கப்பட்டது. உடலில் இருந்த நோயை மருத்துவர் நீக்கினார். சட்டத்தில் இருந்த கொடுமையைச் சட்டம் இயற்றும் மன்றமே நீக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனைக்கும் சட்டசபைக்கும் இடையே உள்ள இத்தொடர்பினை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, இரண்டிடத்தும் தொண்டாற்றிய தமிழ்ப் பெருமாட்டி ஒருவர் உண்டு. அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் பூப்பெய்தியதும் வீட்டினுள் அடங்கிவிடுவதே அக்கால வழக்கம். அம்மையாரோ வீட்டிலிருந்தபடியே பயின்று மெட்ரிக்குலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆடவர் மட்டுமே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்த்தலாகாது என்று பலர் தடுத்தபொழுது, புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு அளித்தார். பின்னர் 1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-ஆம் ஆண்டில் பட்டமும் பதக்கங்களும் பெற்று வெளிவந்தார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகவும் பணிபுரிந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சிகள் அவர் உள்ளத்தை வருத்தின. தாமே குழந்தைப் பருவம் கடவாத சிறுமியர் பிள்ளைப்பேற்றுக்காக வந்து உயிரிழந்தனர். பெண் மருத்துவர் இன்மையால், நோயை மறைத்து வைத்திருந்து, முற்றிய பின்னர் வந்தோர் பலர். பால் இன்றியும் பராமரிப்பு இன்றியும் மடிந்த பச்சிளங்குழந்தைகளோ எண்ணில. ஒரு தாயைக் காப்பாற்றி வீட்டிற்கு அனுப்பினால், அதே காரணத்தால் நலிந்த மற்றொரு தாய் வந்து அப்படுக்கையிற் கிடப்பாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, வந்த வெள்ளத்தை முறத்தால் இறைப்பது போன்றிருந்தது அவ்வேலை. 1923-ஆம் ஆண்டில் அம்மையாரின் தங்கையாரே புற்றுநோய்க்கு இரையானார். அருகிலிருந்து அத்துன்பத்தைக் கண்ட அம்மையார், அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று நிறுவுதல் வேண்டும் என்று அன்றே உள்ளத்தில் உறுதி பூண்டார்.

1925-ஆம் ஆண்டில் அரசின் உதவி பெற்று இங்கிலாந்து சென்று, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும் நோய்களைப் பற்றி மேலும் பயின்றார். அவர் திரும்பி வந்த காலத்தில், சென்னை மாகாணச் சட்டசபையில் பெண்களும் உறுப்பினராகலாம் என்னும் விதி பிறந்திருந்தது. இந்திய மாதர் சங்கத்தார் அம்மையாரின் பெயரை முன்மொழிந்தனர். மருத்துவத் தொழில் கெடுமே என்று அவர் முதலில் தயங்கினார்; எனினும் பின்னர் உடன்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினராக அமர்ந்த முதற் பெண்மணி அவரே. 1927-ஆம் ஆண்டில் சபையினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

அக்காலச் சட்டசபை எத்தகையது என்பதனையும் மாணவர்கள் அறிதல் நலம். 1919-ஆம் ஆண்டு அரசியற் சீர்திருத்தத்தின்படி, மாகாண ஆட்சி இரண்டாகப் பகுக்கப்பட்டிருந்தது. நிதி, காவல் முதலிய துறைகளைக் கவர்னரும் அவருடைய நிருவாக சபையாரும் தம் கையில் வைத்துக்கொண்டனர். கல்வி, மருத்துவம், பொதுச் சுகாதாரம், நகராட்சி முதலிய துறைகள் மட்டும் அமைச்சர்களிடம் விடப்பட்டன. பணப்பெட்டி ஒருவரிடம், செலவு செய்யும் பொறுப்பு மற்றொருவரிடம் என்று இருந்தது அவ்வாட்சி. ஆயினும், உடல்நலம் பற்றிய செய்திகளில் உறுப்பினர்கள் வினா எழுப்பலாம், தீர்மானம் கொணரலாம், மசோதாவும் கொணரலாம். தீர்மானம் என்பது அரசுக்குச் சபை கூறும் பரிந்துரை; மசோதா என்பது சட்டமாவதற்கு முன் உள்ள வரைவு. இம்மூன்று கருவிகளையும் அம்மையார் மருத்துவரின் கருவிகளைப் போலவே கையாண்டார்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று வாதாடினார். பள்ளி மாணவர்களை மருத்துவர்கள் முறையாகச் சோதித்தல் வேண்டும் என்று கேட்டார். கண்ணில் ஒளி குறைந்த மாணவன் கரும்பலகையைக் காணான். அவனை மந்தன் என்று ஆசிரியர் ஒதுக்குவார். செவியில் சீழ் பிடித்த மாணவி பாடத்தைக் கேளாள். அவளைக் கவனம் இல்லாதவள் என்பர். இக்குறைகளை இளமையிலேயே கண்டறிந்தால் எளிதில் நீக்கலாம் அன்றோ? பெண்ணின் திருமண வயதை உயர்த்துதல் வேண்டும் என்றும் அவர் தீர்மானம் கொணர்ந்தார். இளமை மணத்தால் வரும் கேட்டினை அவர் ஏட்டிற் படித்தவர் அல்லர். எழும்பூரில் கண்ணாற் கண்டவர். நாடெங்கும் எழுந்த இத்தகைய முயற்சிகளின் பயனாக 1929-ஆம் ஆண்டில் மத்திய சட்டசபையில் சாரதா சட்டம் நிறைவேறிற்று. அது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று மணவயதின் கீழெல்லையை வரையறுத்தது.

அம்மையார் ஆற்றிய பணிகளுள் தலையாயது, சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்தமையாகும். அவ்வழக்கம் பெண்களின் வாழ்வையும் உடல்நலத்தையும் ஒருங்கே அழித்து வந்தது. 1927-ஆம் ஆண்டு நவம்பரில் அதனை ஒழிக்க வேண்டுமென்று சபையில் தீர்மானம் கொணர்ந்தார். பழமையைக் காட்டிப் பலர் எதிர்த்தனர். அம்மையார் சினந்து பேசுவதோடு நின்றாரல்லர். மருத்துவர் நோயின் வேரைத் தேடுவது போல, அவ்வழக்கம் நிலைத்திருப்பதன் காரணத்தைத் தேடினார். காரணம் நிலத்தில் இருந்தது. கோயிலில் பணி செய்வோர்க்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. பணி நின்றால் நிலம் போய்விடும்; நிலம் போனால் குடும்பம் பசியால் வாடும். ஆதலின், தாய்மார் தம் பெண்மக்களையும் அப்பணியிலே விட்டனர்.

ஆகவே, நிலத்தையும் பணியையும் பிணைத்திருந்த முடிச்சினை அவிழ்ப்பதே தக்க மருந்து என்று அம்மையார் கண்டார். 1929-ஆம் ஆண்டில், இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொணர்ந்த திருத்தம் நிறைவேறியது. அதன்படி, கோயிற் பணி செய்ய வேண்டும் என்னும் கட்டு இன்றியே அம்மகளிர் நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. பழித்தலால் தீராத நோய் வாழ்வுக்கு வழி செய்தலால் தளர்ந்தது. ஆயினும், பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் சட்டம் உடனே நிறைவேறவில்லை. அது 1947-ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் இடையே இருபது ஆண்டுகள் சென்றன. பொதுத்தொண்டுக்குப் பொறுமை எத்துணை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சட்டம் இயற்றினால் எல்லாம் முடிந்தது என்று அம்மையார் ஒருபொழுதும் எண்ணியதில்லை. பழைய வாழ்வை வெறுத்து வெளிவந்த சிறுமியர் சிலர் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. ‘வெளியே வா’ என்று அழைத்த சட்டம், வந்தவர்க்குப் படுக்கப் பாயும் உண்ணச் சோறும் கொடுக்கவில்லை. அம்மையார் அச்சிறுமியரைத் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார். அவ்வாறு பிறந்ததே அடையாற்றில் உள்ள அவ்வை இல்லம். 1930-ஆம் ஆண்டில் சிறிய அளவில் தொடங்கிய அவ்வில்லம், ஆதரவற்ற பெண்கள் பல்லாயிரவர்க்குக் கல்வியும் தொழிலும் அளித்துள்ளது.

அதே ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. காந்தியடிகளைச் சிறைப்படுத்தியது கண்டு மனம் வருந்திய அம்மையார், தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். பதவியைப் பெற்றபொழுது தயங்கிய அவர், விட்டபொழுது தயங்கவில்லை. பதவி போனபின்னும் தொண்டு நிற்கவில்லை. தங்கையாரின் நோய்ப் படுக்கையில் பூண்ட உறுதியை நிறைவேற்றப் பல்லாண்டுகள் பொருள் திரட்டினார். 1952-ஆம் ஆண்டில் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பெற்றது. நினைத்த நாளுக்கும் நிறைவேறிய நாளுக்கும் இடையே முப்பது ஆண்டுகள்! அரசு 1956-ஆம் ஆண்டில் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

அம்மையாருக்குப் பின்னும் மருத்துவர் பலர் சட்டமன்றம் புகுந்தனர். அவர்களுள் திருவரங்கத்தில் பிறந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன் குறிப்பிடத்தக்கவர். இராஜாஜியின் அமைச்சரவையில் 1937 முதல் 1939 வரை அவர் பொதுச் சுகாதார அமைச்சராக இருந்தார். அக்காலத்தில் இயற்றப்பட்டதே 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு, தொற்றுநோய்த் தடுப்பு, தாய்சேய் நலம், திருவிழாக் காலச் சுகாதாரம் ஆகியவற்றை எல்லாம் ஊராட்சியின் கடமைகளாக அச்சட்டம் வகுத்தது. தமிழ்நாட்டில் இன்றும் அதுவே நடைமுறையில் உள்ளது.

இனி, மீண்டும் சேத்துப்பட்டுக்கு வருவோம். அருகிலுள்ள நெடுங்குணத்தில் இராமர் கோயில் திருவிழாவுக்குத் திரளான மக்கள் கூடும்பொழுது, குடிநீரில் மருந்து கலக்கப்படுகின்றதா என்று பார்ப்பவர் சுகாதார ஆய்வாளர். அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது சட்டம். நெசவாளர் தெருவில் ஏழைத் தாய் ஒருத்தி கருவுற்றால், அவளுக்கு அரசு வழங்கும் உதவித்தொகைத் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. உங்கள் பள்ளிக்கு மருத்துவர் வந்து கண்ணையும் பல்லையும் சோதிக்கும்பொழுது, அதனை வேண்டிச் சட்டசபையில் எழுந்து நின்ற ஒரு பெண்மணியை நினைவு கூர்க.

மாணவர்களே, சட்டம் எவ்வளவு நன்றாயிருப்பினும் அது தானே நடவாது, நடத்துவோர் வேண்டும். தெருவில் நீர் தேங்கினால் ஊராட்சிக்கு எழுதுதல், குடிநீர் கலங்கினால் உரியவரிடம் கூறுதல், நோயுற்று மீண்டவரை வெறுத்து ஒதுக்காது அருகில் அமர்த்திக்கொள்ளுதல் ஆகியன உங்களாலும் இயலும். நோயின் வேரைத் தேடிச் செல்க. அது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாலும் செல்க, ஊராட்சி மன்றத்திற்கு அழைத்துச் சென்றாலும் செல்க. இதுவே அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.