கன்ட்ரோலே இல்லாமல் சாப்பிடத் தோணுதா? ஊசி, மாத்திரை கைகொடுக்குமா?

நைட் ஷிப்ட் முடிந்து ஓசூரில் இருந்து வீடு திரும்பும்போது, பசியில் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடுவது நோய் இல்லை. பசியே இல்லாமல், வயிறு வலிக்கும் வரை, யாருக்கும் தெரியாமல் வேக வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு குற்ற உணர்வில் தவிப்பதுதான் பிரச்னை. வாரம் ஒருமுறையாவது, 3 மாதங்களுக்கு இப்படி நடந்தால் அது 'பிஞ்ச் ஈட்டிங்' என்ற மனநலப் பாதிப்பாக இருக்கலாம்.

குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும்தானா?

இல்லை, ஒல்லியானவர்களுக்கும் வரலாம். ஆனால் உடல் பருமன் உள்ளவர்களிடம் அதிகம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 40.4% பெண்களும் 37% ஆண்களும் அதிக எடை கொண்டவர்கள்.

மாத்திரை இருக்கிறதா?

லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் மாத்திரைக்கு அமெரிக்கா 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. இது சாப்பிடத் தூண்டும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் எடைக்குறைப்பு மருந்து அல்ல. அடிமையாகும் ஆபத்து உண்டு, ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கூடலாம். சிலருக்கு ஃப்ளூவாக்ஸெட்டின், டோபிராமேட் போன்ற மருந்துகளையும் டாக்டர்கள் தருவதுண்டு.

அப்போ அந்த ஊசி?

மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. இவை பசியைக் குறைத்து எடையைக் குறைக்கும். ஆனால் பிஞ்ச் ஈட்டிங்குக்கு என்று ஒப்புதல் பெற்றவை அல்ல. குமட்டல், வாந்தி வரலாம். எனவே டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடக் கூடாது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

ஒரு காலத்தில் எடைக்குறைப்புக்கு தாராளமாக விற்ற சிபுட்ரமின், பிஞ்ச் ஈட்டிங்குக்கும் சோதிக்கப்பட்டது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து தெரியவந்ததால் 2011 பிப்ரவரியில் இந்தியா அதைத் தடை செய்தது.

முதலில் என்ன செய்யணும்?

பேச்சு வழி மனநல சிகிச்சைதான் முதல் படி, மருந்து அதற்குத் துணை. பட்டினி கிடந்து ஈடுகட்ட நினைக்காதீங்க, அடுத்த வேளை இன்னும் அதிகமாகச் சாப்பிட வைக்கும். சர்க்கரை, பிபி மாத்திரை எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும்.

நாட்றாம்பாளையம், அஞ்செட்டி பக்கம் இருப்பவர்கள் முதல் ஆலோசனைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, 24 மணி நேரமும் இயங்கும். தமிழிலேயே பேசலாம். இது வாய்க்கட்டுப்பாடு இல்லாத குறை அல்ல, சிகிச்சை உள்ள நோய்.