நீலத் தொப்பியும் நம் நாடும்

ஐந்தாம் படிவ வரலாற்று நூலின் இறுதியில் மலேசியாவின் அனைத்துலக உறவுகள் பற்றிய பாடம் உண்டு. தேர்வுக்காக ஆண்டுகளை மனனம் செய்து, எழுதி, மறந்தவர்கள்தாம் நம்மில் பலர். ஆனால், அந்த ஆண்டுகளைச் சற்று உற்று நோக்குங்கள். மலாயா சுதந்திரம் பெற்றது 1957இல். கொங்கோவுக்கு அமைதிப்படை அனுப்பியது 1960இல். பன்னிரண்டு ஆண்டு அவசரகாலம் முடிவுக்கு வந்ததும் அதே 1960இல்தான்!

ஏன் இந்த அவசரம்? படைபலம் குறைந்த நாட்டுக்கு ஐக்கிய நாட்டுச் சபையே அரண் என்பது என் கருத்து. 1963இல் மலேசியா உருவாகும் முன், சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை விசாரித்து அறிந்ததும் அச்சபையின் குழுவே.

சோமாலியாவுக்கு வருவோம். 1993 அக்டோபர் 3ஆம் நாள், மொகடிஷு நகரில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. சிக்கிக்கொண்ட வீரர்களை மீட்கக் கவச வாகனங்கள் தேவைப்பட்டன. அவை நம்மவர்களின் ‘கொண்டோர்’ வாகனங்கள். மலேசியக் காலாட்படையினர் இறங்கி அமெரிக்கர்களுக்கு இடம் கொடுத்தனர். ஓட்டுநரும் துப்பாக்கி வீரரும் மலேசியராகவே இருந்தனர். பாகிஸ்தானிய டாங்கிகளும் உடன் சென்றன. அந்த மீட்புப் பணியில் மாட் அஸ்னான் அவாங் எனும் நம் வீரர் உயிர்துறந்தார். 2001இல் வெளிவந்த ‘பிளேக் ஹாக் டவுன்’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம் பார்வையில் ஒரு படம் வர 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பின்னர் போஸ்னியா, 2007இல் லெபனான். போர்ட்டிக்சனில் அமைதிகாப்புப் பயிற்சி மையமும் உண்டு.

பினாங்குவாசிகளுக்கு உதவிப்பணி என்றால் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வரும். ஆழிப்பேரலையில் மலேசியாவில் மாண்ட 68 பேரில் பெரும்பாலோர் இம்மாநிலத்தவர். அந்தத் துயருக்கிடையிலும் நம் படையினரும் மெர்சி மலேசியா மருத்துவக் குழுவினரும் நீரிணைக்கு அப்பாலுள்ள ஆச்சேவுக்கு விரைந்தனர்.

பெருமைதான். எனினும் ஒன்று உறுத்துகிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா இன்னும் இணையவில்லை. தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் எனக்கு ஓர் இருக்கை இருந்தது. பினாங்கில் வளரும் ரோஹிங்யா அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் அந்த இருக்கை இல்லை. தன்னார்வலர்கள் நடத்தும் கல்வி மையங்களில்தான் அவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.