கட்டை விரலுக்கு 30! ஆள்காட்டி விரலுக்கு 14!

கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம். ஒரே கையில் 4 விரல்களும் போய்விட்டால் 50 சதவீதம்.

இது வட்டிக்கடைக் கணக்கு அல்ல. வேலையில் அடிபட்டவரின் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதற்காக, தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் போட்டு வைத்த அட்டவணை!

விரல்களை இந்த அட்டவணைக்குள் கொண்டு சேர்ப்பதில் பேர்போன மிஷின் பவர் பிரஸ். அம்பத்தூரிலும் கிண்டியிலும் காலை ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு அதன் சத்தம் பழக்கமானதுதான்.

தகட்டை உள்ளே வைத்துப் பெடலை மிதித்தால் 'டமார்' என்று டை இறங்கும். பழைய மாதிரி பிரஸ்களில் ஒரு தரம் மிதித்துவிட்டால் இறங்கித்தான் தீரும். பாதியில் நிறுத்த வழியே கிடையாது. கிளட்ச் சாவி தேய்ந்தாலோ, ஸ்பிரிங் உடைந்தாலோ இன்னும் மோசம். மிதிக்காமலேயே இரண்டாவது தரமும் இறங்கும். முடிந்த பீசை எடுக்கக் கை உள்ளே போயிருக்கிற நேரம் அது!

சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தப்பு. கரண்டு போன பிறகும் பிளைவீல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

சுவரோரம் சாய்ந்த வலை

1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவு இந்த பிளைவீலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான காப்பு வேண்டும். மிஷின் ஓடும் நேரம் பூராவும் அந்தக் காப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்றது.

பட்டறையில் நடப்பது என்ன?

"அண்ணே, கார்டு எங்கேண்ணே?"

"அதை மாட்டினா பீஸ் ஏறாதுடா தம்பி. நீ ஓட்டு!"

கம்பி வலை சுவரோரம் சாய்ந்து கிடக்கும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ஓடும் என்று வைத்த பிரசில், ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கி வைத்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால்தான் வலை மேலே ஏறும்.

வேண்டுமென்றே காப்பைக் கழற்றினால் தொழிலாளி மீதும் குற்றம் என்று சட்டம் சொன்னது உண்மைதான். ஆனால், காப்பு போடுவதும் அதை இடத்தில் வைத்திருப்பதும் முதலாளியின் பொறுப்பு. பீஸ் கணக்கில் கூலி பேசிவிட்டு, "அவனேதான் கழட்டினான் சார்" என்று கையை விரிப்பது என்ன நியாயம்?

லுங்கியோடு வேலை கூடாது

ஓடும் மிஷினுக்கு எண்ணெய் போட வேண்டி வந்தால், பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளிதான் போகலாம். உடம்போடு ஒட்டிய உடுப்பை முதலாளியே கொடுக்க வேண்டும். அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றது 22-வது பிரிவு. லுங்கி, தோளில் துண்டு எல்லாம் ஷாப்டுக்கு நல்ல தீனி!

லிப்டுகளை 6 மாதத்துக்கு ஒரு தரமும், சுமை தூக்கும் கிரேன், சங்கிலிகளை 12 மாதத்துக்கு ஒரு தரமும் தகுதி உள்ளவர் சோதிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கூறியது.

இப்போது என்ன?

2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்தது. முதலாளி கடமை தவறி ஆள் இறந்தால், பழைய சட்டத்தில் அபராதம் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய். இப்போது 5 லட்சம். கடும் காயம் என்றால் அன்று 5 ஆயிரம். இன்று 2 லட்சம். ஜெயிலும் உண்டு. அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பவரில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தாலே முன்பு அது பாக்டரி. புதுச் சட்டத்தில் 20 பேர் வேண்டும். 12 பேரை வைத்து 4 பிரஸ் ஓட்டுகிற பட்டறை இனி பாக்டரி அல்ல. ஆனாலும் 10 பேர் வேலை பார்க்கும் இடமாக இருப்பதால், ஆபத்தில்லாத வேலை இடம் தரும் பொறுப்பிலிருந்து முதலாளி தப்ப முடியாது.

உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று பட்டால் தொழிலாளி முதலாளியிடம் நேரிலேயே சொல்லலாம். கூடவே ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். சொன்ன பிறகு உடனே சரிசெய்ய வேண்டியது முதலாளியின் வேலை.