மூடும் விரல்

சென்ற வாரம் என் மாணவன் ஒருவன் கணினித் திரையிலிருந்த கட்டுரையொன்றை எனக்கு வாசித்துக் காட்டினான். இரண்டாம் பந்தி முடியுமுன்னரே விளம்பரமொன்று துள்ளியெழுந்து எழுத்துக்களை மறைத்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் அவன் விரல் அதனை மூடிற்று. அடுத்து வேறொரு பெட்டி எழுந்தது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்றிருந்த இடத்தை அழுத்தி அதனையும் அகற்றினான்.

“தம்பி, முதலில் வந்தது என்ன விளம்பரம்?” என்று கேட்டேன்.

“கவனிக்கவில்லை, சேர்.”

“இரண்டாவதாக எதற்கு ஒப்புக்கொண்டாய்?”

அவன் சிரித்தான். அச்சிரிப்பிலே கள்ளமில்லை, ஆயினும் அது என்னைச் சிந்திக்க வைத்தது.

இணையத்தில் விளம்பரம் முதன்முதலிற் புகுந்தபோது மக்கள் அதனை வெறுத்தாரல்லர். 1994 ஒக்டோபரில் அமெரிக்காவின் ‘ஹொட்வயர்ட்’ தளத்திலே தொலைபேசி நிறுவனமொன்றின் விளம்பரம் பட்டை வடிவில் வெளியாயிற்று. அதனைக் கண்டோருள் நூற்றுக்கு 44 பேர் அழுத்திப் பார்த்தனர் என்பர். புதுமையின் மேலிருந்த ஆர்வம் அது. அன்றியும், அவ்விளம்பரம் தன் இடத்திலே இருந்தது. விரும்பியவர் அதனை நாடிச் சென்றனர்.

வாசகனை வழிமறிக்கும் ‘பொப் அப்’ விளம்பரம் அதன் பின்னரே பிறந்தது. மக்கள் தத்தம் பக்கங்களை அமைத்துக்கொள்ள இடமளித்த ‘ட்ரைபொட்’ நிறுவனத்தில், 1990களின் பிற்பகுதியில், ஈதன் சுக்கர்மன் என்பவர் அதற்கான நிரலை எழுதினார். ஆபாசப் பக்கமொன்றிலே தன் விளம்பரம் தோன்றியதைக் கண்டு மோட்டார்க் கார் நிறுவனமொன்று கலங்கிற்று. பக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் உறவில்லை எனக் காட்டுவதற்காக விளம்பரம் தனிச் சாளரத்தில் திறக்கப்பட்டது. விளம்பரதாரரின் கௌரவம் காக்கப்பட்டது. வாசகனின் அமைதி எவர் கணக்கிலும் வரவில்லை. 2014 இல் ‘அத்திலாந்திக்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையிலே சுக்கர்மன் இதற்காக மன்னிப்புக் கோரினார்.

சினங்கொண்ட மக்கள் கேடயம் தேடினர். மொசில்லா போன்ற உலாவிகள் இச்சாளரங்களைத் தடுக்கத் தொடங்கின. 2004 இல் இன்டர்நெற் எக்ஸ்புளோரரும் அவ்வழியில் சேர்ந்தது. வாயில் அடைபட்டதும், பக்கத்துக்குள்ளேயே திரையாக விழ விளம்பரம் கற்றுக்கொண்டது. 2017 ஜனவரி முதல், கைத்தொலைபேசியில் வாசகனை இவ்வாறு மறிக்கும் பக்கங்களைக் கூகிள் தேடல் வரிசையிற் பின்தள்ளலாயிற்று.

மக்களின் சினம் முழுவதும் நியாயமானதோ எனின், அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2015 இல் மார்கோ ஆர்மென்ற் என்பவர் ஐபோனுக்கென ‘பீஸ்’ எனும் விளம்பரத் தடுப்பானை வெளியிட்டார். அது விற்பனையில் முதலிடம் பெற்றது. ஆயினும், தண்டனைக்குரியர் அல்லாதோரையும் அது வருத்துகின்றதென்று கருதி, இரண்டே நாட்களில் அவர் அதனை மீட்டுக்கொண்டார். இலவசமாக நாம் வாசிப்பதன் செலவை யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். பத்திரிகைகளும் விளம்பரத்தால் வாழ்வனவே. ஆனால், அச்சிட்ட விளம்பரம் தலையங்கத்தின்மேல் ஏறி அமர்வதில்லை.

சினத்திலும் ஆழமான விளைவு பாராமுகம். 1998 இல் அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்வே, லேன் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வு இதனை உணர்த்திற்று. குறிப்பிட்ட தகவலைத் தேடுமாறு பணிக்கப்பட்டோர், அத்தகவலுக்கான இணைப்பு பெரிய பட்டையினுள்ளே இருந்தபோது பெரும்பாலும் அதனைத் தவறவிட்டனர். தேடிய பொருள் கண்முன்னேயே இருந்தது. விளம்பரம்போற் தோன்றியமையால் கண் அதனைக் கடந்து சென்றது.

இப்பழக்கத்தின் விலை பின்னரே தெளிவாயிற்று. 2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, நம் விபரங்களைத் திரட்ட அனுமதி கேட்கும் பெட்டிகள் எங்கும் பெருகின. குடிமகனின் சம்மதத்துக்கு மதிப்பளிக்க எழுந்த கேள்வி, அவன் வெறுத்துப் பழகிய விளம்பரத்தின் உருவத்திலேயே வந்து நின்றது. பல ஆண்டுகளாக மூடப் பழகிய விரல் அதனையும் வாசியாமலே அகற்றியது. எரிச்சலூட்டியவன் நமக்குக் கற்பித்த தற்காப்பே, நம் உரிமையைக் கேளாமற் கொடுத்துவிடும் பழக்கமாயிற்று. நம் நேரத்தை விளம்பரம் திருடியது சிறு களவே. ‘ஆம்’ என்ற சொல்லின் பொருளை நம்மிடமிருந்து பறித்ததே பெருங்களவு.

அன்று அக்கட்டுரையை முடித்தபின் மாணவன் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். மீண்டும் அனுமதி கேட்கும் பெட்டி எழுந்தது. விரல் விரைந்தது, பின் தானே நின்றது.

“வாசிக்கட்டுமா, சேர்?” என்றான்.

வாசித்தோம். வாசித்து முடித்தபின், அவன் ‘மறுக்கிறேன்’ என்பதைத் தேடி அழுத்தினான்.