தபால் வாக்கு: சீட்டைப் பார்க்கும் முன்பே வரும் தீர்ப்பு

2021 கேரள சட்டமன்றத் தேர்தலில் மலப்புறம் மாவட்டம் பெரிந்தல்மண்ணாவில் முஸ்லிம் லீக்கின் நஜீப் காந்தபுரம் வென்றது வெறும் 38 வாக்கு வித்தியாசத்தில். எண்ணாமல் ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகளோ 348. 80 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தே அளித்த வாக்குகள் அவை. யாருக்குப் போட்டார்கள் என்று பார்க்காமலே ஏன் தள்ளினார்கள்?

தபால் வாக்குக்கு இரண்டு உறைகள். உள் உறையில் வாக்குச்சீட்டு. அதையும் 13ஏ என்ற உறுதிமொழித் தாளையும் சேர்த்து வெளி உறையில் வைக்க வேண்டும். தாளில் வாக்காளரின் கையொப்பமும் அதிகாரியின் சான்றொப்பமும் கட்டாயம். வாக்குச்சீட்டின் வரிசை எண் தாளிலும் உள் உறை மேலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

எண்ணிக்கை தொடங்கும் காலை 8 மணிக்குள் வந்து சேராத உறையைத் திறப்பதே இல்லை. மற்றவற்றில் வெளி உறையைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது உறுதிமொழித் தாளை. கையொப்பமோ சான்றொப்பமோ இல்லை, எண் பொருந்தவில்லை என்றால் உள் உறையைப் பிரிக்காமலே தள்ளுபடி. தேறிய தாள்களைத் தனிக் கட்டாக்கி முத்திரையிட்ட பிறகே உள் உறைகளைத் திறக்கிறார்கள். யார் யாருக்கு வாக்களித்தார் என்ற ரகசியத்தைக் காப்பது இந்த வரிசைமுறைதான். அதன் பிறகும், குறியே இடாத சீட்டு, இருவருக்குக் குறியிட்ட சீட்டு, வாக்காளரை அடையாளம் காட்டும் சீட்டு ஆகியவை செல்லாது.

பெரிந்தல்மண்ணா முடிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2024 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் நஜீபின் வெற்றியை உறுதிசெய்தது. 348இல் 32 வாக்குகளை மட்டும் செல்லத்தக்கவையாகக் கருதலாம். அத்தனையும் எதிர் வேட்பாளருக்கே போனாலும் நஜீப் 6 வாக்கில் வெல்வார் என்பது கணக்கு.

தமிழ்நாட்டில் ராதாபுரம் தொகுதி இதே சிக்கலைக் கண்டது. 2016இல் அங்கே திமுக வேட்பாளர் அப்பாவு தோற்றது 49 வாக்கில். தள்ளுபடியான தபால் வாக்குகள் 203. சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது காரணம். தகுதி உண்டு என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள்; ஆனால், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

2024 முதல் 85 வயதைக் கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். படியிறங்க முடியாத பாட்டிக்கு இது பெரிய உதவி. வீட்டுக்கு வரும் குழுவே சான்றொப்பமும் இடுகிறது. உறையை ஒட்டும் முன் இரு கையொப்பங்களும் வரிசை எண்ணும் சரியா என்று கேட்டுப் பார்ப்பது வீட்டாரின் உரிமை. அவற்றைச் சரியாக முடித்துக்கொடுப்பது அதிகாரியின் கடமை. அவர் போட மறந்த கையொப்பத்துக்காக ஒரு முதியவரின் வாக்கு வீணாகக் கூடாது.