உப்புத்தாளுக்கு முன் வெள்ளைத்தாள்

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் அனகாபுத்தூர் திரும்பும் பிள்ளைகளின் தோளில் சில வாரம் பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று தொங்கும். விலை மலிவு, பில் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறார்கள். தலைப்பகுதிக்குப் பின்னால் இருந்த வரிசை எண்ணும் பெயின்டோடு போய்விடுகிறது.

"காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?" என்பார்கள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, விற்றவருக்கே இல்லாத உரிமை பொதுவாக வாங்கியவருக்கு வராது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி வாங்கி வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. எண்ணைத் தேய்த்து அழித்தவர் "எனக்குத் தெரியாது சார்" என்றால் யார் நம்புவார்கள்?

ஆகவே முதலில் ஒரு வெள்ளைத்தாள். விற்பவரின் பெயர், முகவரி, போன் எண், தேதி, தொகை, கிட்டாரின் பிராண்டு, வரிசை எண், நிறம், கண்ணில் படும் கீறல்கள், "இது என் சொந்தப் பொருள், வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை" என்ற வரி, கீழே கையெழுத்து. பணத்தை யுபிஐயில் அனுப்புங்கள். எழுதித் தர மறுக்கிறாரா? வாங்காதீர்கள்.

பிறகு கிட்டாரைத் திறந்து பாருங்கள். வால்யூம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் 1376615 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனம். 66, 15 என்பவை 1966-இன் 15-ஆவது வாரம். பாட் மாற்றப்படாதது என்றால், "1962 மாடல்" என்று விற்றவர் சொன்னது பொய். பற்றவைப்பைப் பிரிக்கும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள்.

சந்தேகம் வந்தால் ஒளிக்காதீர்கள். இரண்டு பிரதி மனுவோடு உங்கள் பகுதி காவல் நிலையத்துக்குப் போய், சிஎஸ்ஆர் (சமூகப் பணிப் பதிவேடு) ரசீது கேளுங்கள். "எங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று விரட்டினால், அதே மனுவை பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையருக்கு அனுப்புங்கள். போலீசார் பொருளை எடுத்துக்கொண்டால் கைப்பற்றுதல் மகஜர் நகல் வாங்காமல் நகராதீர்கள்.

கடைக்காரர் போலியை அசல் என்று விற்றிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லுங்கள். தீரவில்லையென்றால் 2 ஆண்டுக்குள் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை.

உயிருக்கும் ஒரு எச்சரிக்கை. எர்த் இல்லாத பழைய ஆம்பில் கிட்டாரைச் செருகாதீர்கள். 1972-இல் ஸ்வான்சீ மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். வீட்டில் மின்கசிவில் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: அந்த வரிசை எண்ணில் உப்புத்தாள் படவே கூடாது. நாளைக்கு உங்கள் கிட்டாரே களவு போனாலும், புகாரில் எழுத அந்த எண்தான் இருக்கும்.